ஏழாம் பக்கத்து மோ சந்தா

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில், முந்நூறு சொற்களில். அது அச்சாகி, ஐயாயிரம் பிரதிகளாகப் பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தது. ஏழாம் பக்கம். மேல்பாதியில் மோ சந்தாவின் படம், கீழ்பாதியில் என் எழுத்து. 'கத்தியிலிருந்து கருணைக்கு' என்ற தலைப்பும் என்னுடையதுதான். அது தோன்றிய அன்று மதியம் முழுக்க எனக்குள் ஒரு சின்னப் பெருமை இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முந்நூறில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது சொற்கள் உண்மை. ஒரு சொல் பொய். ஆங்கிலத்தில் அது ஒரே சொல். தமிழில் 'மனம் வருந்தி' என்று இரண்டாக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு சொல்லால் என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை. இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. என் ஆங்கிலம் முழுவதும் பதினோரு வருடங்களாக அலுவலகத்துக்குச் சொந்தம். அதில் எந்த வாக்கியத்தைத் தொடங்கினாலும் இரண்டாம் வரியில் அது யாரையாவது சேரச் சொல்லி அழைக்க ஆரம்பித்துவிடுகிறது.

(நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தை லார்க்ஸ்பர் என்று வைத்துக்கொள்வோம். வயோமிங் மலையடிவாரத்தில் ஜூன் மாதம் பூக்கும் நீலப் பூவின் பெயர் அது. தின்ற மாடு செத்துப்போகும் என்பதால் பண்ணைக்காரர்களுக்கு அந்தப் பூவைக் கண்டால் ஆகாது. நானூறு மாணவர்கள். தத்துவம், கவிதை, உளவியல், மண்பாண்டம் எல்லாம் கலந்து படிக்கலாம். ஒவ்வொரு வகுப்பும் மணியடித்து, ஒரு நிமிட அமைதியோடு தொடங்கும். 'இது பௌத்தப் பல்கலைக்கழகமா?' என்று பெற்றோர் கேட்டால் 'பௌத்தத்தால் ஊக்கம் பெற்றது' என்று சொல்ல வேண்டும். அந்தப் பதிலை எழுதியதும் நான்தான்.)

2

முதல் தொடக்கம்:

'பனி கொட்டிய ஒரு விடியற்காலையில், மோ சந்தா தன் கத்தியைக் கடைசி முறையாகக் கீழே வைத்தபோது'

[இங்கே நிறுத்தினேன். அது ஜூலை மாதம், நல்ல வெயில். கத்தியை அவள் கீழே வைக்கவும் இல்லை. ஷிப்ட் முடிந்ததும் எல்லோரையும் போலக் கழுவி, தன் எண் போட்ட கொக்கியில் மாட்டிவிட்டு வந்தாள்.]

இரண்டாம் தொடக்கம்:

'மாட்டின் கண்களை ஒருநாள் அவள்'

[இதையும் நிறுத்தினேன். "மாட்டோட கண்ணை நான் பாத்ததே இல்லக்கா. என்கிட்ட வந்து சேர்றப்போ அதுக்குத் தலையே இருக்காது" என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவள் சொன்ன பிறகும் இந்த வாக்கியத்தைத் தொடங்கினேன் பாருங்கள். கை பழகிவிட்டது.]

மூன்றாவது தொடக்கத்தில் பனியும் இல்லை, கண்ணும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

3

மோ சந்தாவுக்கு இப்போது இருபத்து நான்கு வயது. பர்மாவில் பிறந்து, தாய்லாந்து எல்லை முகாமில் வளர்ந்தவள். பதின்மூன்று வயதில் அம்மாவோடும் அண்ணனோடும் அமெரிக்கா வந்தாள். அகதிகளை ஏற்றுக்கொண்ட சங்கம் அவர்களைக் கொலராடோ சமவெளியில், பெரிய மாட்டிறைச்சி ஆலை உள்ள ஓர் ஊரில் கொண்டுபோய் இறக்கியது. அம்மா டோ மியா யின் முதல் மாதமே ஆலையில் சேர்ந்தாள். அண்ணன் யே நவுங் பதினெட்டு முடிந்த அன்று சேர்ந்தான். மோ சந்தாவும் அப்படித்தான்.

அவளுக்குக் கிடைத்த இடம் தோள்கறி வரிசை. ஒன்பது நொடிக்கு ஒரு துண்டு வரும். மேல்கொழுப்பைச் சீவிவிட வேண்டும். கறியில் கத்தி படக் கூடாது. இடது கையில் இரும்பு வலையுறை. உள்ளே எப்போதும் குளிர், மூன்று சட்டை போட்டாலும் போதாது. இரைச்சலுக்குக் காதில் அடைப்பான் வைத்திருப்பதால் பக்கத்தில் நிற்பவரோடுகூடப் பேச முடியாது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக மடக்கிப் பழக்க வேண்டும்.

பேச ஆள் இல்லாததால் அவள் மனதுக்குள் ஓத ஆரம்பித்தாள். சின்ன வயதில் முதன்முதலாக வாயில் ஏறிய வரி. நாம் 'புத்தம் சரணம் கச்சாமி' என்போமே, அதேதான். பர்மிய நாக்கில் இந்தச் 'ச' 'த' ஆகிவிடும்; அவர்கள் 'தரணம்' என்பார்கள். புத்தம் தரணம், ஒரு சீவு. தம்மம் தரணம், ஒரு சீவு. மூன்று முறை சுற்றி வந்தால் அடுத்த துண்டு. அந்தத் தாளத்தில் மூன்று வருடம் ஓடியது.

மூன்றாம் வருட முடிவில், ஒரு செவ்வாய்க்கிழமை, சீவிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு ஒன்று உறைத்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சொல்கிறோம், என்ன சொல்கிறோம் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டாள். டோ மியா யின் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தரணம்னா என்ன?"

"தரணம்னா தரணம்தான்."

"அர்த்தம் என்னன்னு கேக்குறேன்."

"அர்த்தம் தெரிஞ்சாத்தான் புத்தர் கேப்பாரா? ஒழுங்கா சொல்லு, போதும்."

சோபாவில் படுத்திருந்த யே நவுங் கண்ணைத் திறக்காமலே சொன்னான். "ஓவர்டைம்னா என்னன்னு கேளு மோ. அதுக்கு எனக்கு அர்த்தம் தெரியும்."

மாதம் ஒருமுறை ஊருக்கு வரும் பிக்குவிடமும் கேட்டாள். டிரெய்லர் வீடு ஒன்றைத்தான் அவர்கள் விகாரையாக்கி வைத்திருந்தார்கள். பாலி மொழியை முறையாகப் படித்தால்தான் தெரியும், அதற்குப் பத்து வருடம் ஆகும் என்றார் அவர். பயமுறுத்தத்தான் சொன்னார் போலிருக்கிறது. அவளுக்கு அது பயமாகத் தெரியவில்லை. எப்படியும் பத்து வருடம் கொழுப்புச் சீவத்தானே போகிறோம், அந்த நேரத்தில் இதைச் செய்தால் என்ன என்று நினைத்தாள்.

காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில் பாலி சொல்லித்தரும் இடம் லார்க்ஸ்பர் ஒன்றுதான். விண்ணப்பத்தில் 'நீங்கள் ஏன் இங்கே படிக்க விரும்புகிறீர்கள்? ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்' என்று கேட்டிருந்தோம். அவள் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும்.'

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு எங்கள் சேர்க்கைத் துறைத் தலைவர் வெண்டல் ப்ரௌட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கு முழு உதவித்தொகை வாங்கிக்கொடுக்கக் குழுவில் மூன்று மணி நேரம் சண்டை போட்டவரும் அவர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீங்கள் அவர் மேல் கோபப்படப் போகிறீர்கள். நானும் படுவேன். ஆனாலும் இது நடந்தது.

4

பாலி வகுப்பில் ஐந்து பேர். ஆசிரியை ஹெட்விக் ஆஸ்ட்ராண்டருக்கு எழுபது வயதிருக்கும். கரும்பலகையை அழிக்கும்போது தானும் பாதி வெள்ளையாகிவிடுவார். முதல் நாள், யாருக்காவது ஏதாவது பாலி வரி தெரியுமா என்று கேட்டார். மோ சந்தா எழுந்து நின்று, கைகூப்பி, இருபது நிமிடம் ஓதினாள். நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

முடித்ததும் முன்வரிசைப் பையன் ஒருவன், மூன்று தியான முகாம்களுக்குப் போய் வந்தவன், அக்கறையோடுதான் சொன்னான். "அது தரணம் இல்ல, சரணம். நீ தப்பா சொல்ற."

மோ சந்தா அவனைப் பார்த்தாள். "எங்க ஊர்ல அஞ்சு கோடி பேர் இப்படித்தான் சொல்றாங்க. நீ எத்தனை பேரு?"

ஹெட்விக் சிரித்ததை அன்று ஒரு நாள்தான் பார்த்தோம் என்று மற்ற மாணவர்கள் சொல்வார்கள். எழுதும்போது சரணம் என்று எழுதச் சொன்னார். சொல்லும்போது அவள் விருப்பம் என்றார். மோ சந்தா இன்றுவரை தரணம் என்றுதான் சொல்கிறாள்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு போன் செய்தாள்.

"அம்மா, அர்த்தம் தெரிஞ்சிருச்சு. ஒதுங்கிக்க ஒரு இடம்னு அர்த்தம். அடைக்கலம்."

"இவ்வளவுதானா?" என்றாள் டோ மியா யின். "இதுக்கா மலை ஏறிப் போன?"

5

இப்போது என் பங்கு.

போன வசந்தத்தில் புதிய சேர்க்கைக் கையேட்டுக்காக அவளைப் பேட்டி எடுத்தேன். நூலகத்தின் சின்ன அறை. அவள் டப்பாவில் கொண்டு வந்திருந்த தேயிலை ஊறுகாய்க் கலவையை எனக்கும் ஒரு தட்டில் வைத்தாள். என்னை அக்கா என்பாள்; அலுவலகத்தில் என்னை அப்படிக் கூப்பிடும் ஒரே ஆள் அவள்தான். அந்தச் சொல்லுக்காகவாவது நான் ஒழுங்காக நடந்திருக்கலாம்.

"அங்க வேலை பாத்தப்போ கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ரொம்பக்கா. கை வலி உயிர் போகும்."

"கை இல்ல. மனசு."

அவள் யோசித்தாள். எனக்கு உதவ வேண்டும் என்றுதான் யோசித்தாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"இல்லக்கா. மனசு நல்லாத்தான் இருந்துச்சு. அங்கதானே இந்தக் கேள்வியே எனக்கு வந்துச்சு."

இதைவிட நல்ல வாக்கியம் பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்ததில்லை. குறித்துக்கொண்டேன். முதல் வரைவிலும் எழுதினேன். வெண்டல் படித்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு. ஆனா நடுவுல ஏதோ ஒண்ணு குறையுது. அவ ஏன் மாறினா? திருப்பம் எங்க?" என்றார்.

திருப்பம் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் மாறவே இல்லை, ஒரு கேள்வியோடு இங்கிருந்து அங்கே போனாள், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் 'மனம் வருந்தி' சேர்த்தேன். சேர்த்ததும் பத்தி அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடியது.

[சொல்லாமல் விட நினைத்த பகுதி: அச்சுக்குப் போகுமுன் பக்கத்தை அவளுக்கு அனுப்பினேன். 'அக்கா, இது நான் இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அச்சகம் மூட இன்னும் இரண்டு நாள் இருந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று அவளுக்கு எழுதினேன். முந்நூறில் ஒரு சொல்தான் பொய் என்று முதலில் சொன்னேனே, அந்தப் பதிலையும் சேர்த்தால் கணக்கு மாறும்.]

6

செப்டம்பரில் கையேடு சமவெளிக்கும் போனது. ஊர் உயர்நிலைப் பள்ளியில் வாங்கிய யாரோ ஒருவர் ஏழாம் பக்கத்தைக் கிழித்து ஆலையின் சாப்பாட்டு அறையில், ஷிப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் குத்திவைத்துவிட்டார்.

யே நவுங் தட்டோடு போய் நின்று படித்தான். பின்னாலிருந்து ஒருவன், "என்ன யே, உன் தங்கச்சி நம்மளுக்கெல்லாம் சேத்து அழுதுட்டாளாமே" என்றான். இன்னொருவன், "சாமியார் ஆயிட்டா இனிமே நம்ம கூட உக்காந்து சாப்பிட மாட்டா" என்றான். எல்லாம் தினம் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். கேலிதான். ஆனால் அன்று மாலை அவன் தங்கைக்கு போன் செய்து பேசாமல், போனை அம்மாவிடம் கொடுத்தான்.

மோ சந்தா விடுதி அறையின் வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பேச்சைக் கேட்டாள்.

"நான் எத்தனை வருஷமா அங்க நிக்கிறேன் தமீ?" அவர்கள் மொழியில் தமீ என்றால் மகள்.

"பதினோரு வருஷம் அம்மா."

"அதுல ஒரு நாளாவது, நான் செய்யுறது என்னன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"அம்மா, அதை நான் சொல்லல."

"உயிரைக் கொல்லாதேன்னு தினம் காலையில ஓதிட்டுத்தான் போறேன். தெரிஞ்சேதான் வெட்டுறேன். அந்தக் கையாலதான் பிக்குவுக்குச் சோறு போடுறேன், அவரும் வாங்கிக்கிறார். எனக்கும் அவருக்கும் புத்தருக்கும் நடுவுல உள்ள விஷயம் அது. அதை உங்க மலையில இருக்கறவங்க படம் போட்டுச் சொல்லணுமா?"

"அம்மா, நான் சொல்லவே இல்ல. அவங்களா எழுதினாங்க."

"உன் மூஞ்சிதானே போட்டிருக்கு" என்றாள் டோ மியா யின். போன் வைக்கப்பட்டது.

மறுநாள் காலை மோ சந்தா என் அறைக்கு வந்தாள். கத்தவில்லை. உட்காரவும் இல்லை.

"அடுத்த மாசம், சேர நினைக்கிற பிள்ளைங்க வந்து பாக்குற சனிக்கிழமையில என்னைப் பேசச் சொல்லி வெண்டல் கேட்டிருக்கார்" என்றாள். "சரின்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட முதல்லயே சொல்லிடலாம்னு வந்தேன்."

"என்ன பேசப் போற?"

"ஏழாம் பக்கத்தைப் படிக்கப் போறேன்."

7

(இங்கே வெண்டலைப் பற்றி ஒரு சந்தேகம்.

ஒரு வரைவில் அவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். கதை வேகமாக ஓடியது. ஆனால் அவர் தன் அறையில் வரும் சிலந்தியைக் காகிதத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய் விடுகிறவர். முப்பது வருடமாகத் தினமும் தியானத்தில் உட்கார்கிறவர். என் அப்பா இறந்தபோது என்னை விமான நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவர். அவருக்கு நல்ல கதைகள் பிடிக்கும், அதுதான் அவரிடம் உள்ள ஒரே அபாயம். யாரைப் பார்த்தாலும், இவர் எந்த இருட்டிலிருந்து எந்த வெளிச்சத்துக்கு வந்தார் என்று தேடுவார். வெளிச்சம் எப்போதும் எங்கள் வளாகத்தில் இருக்கும். இருட்டில் யார் யார் நிற்க வேண்டியிருக்கிறது என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை. எழுதிக்கொடுத்த நானும்தான்.)

8

அக்டோபர் மாதச் சனிக்கிழமை. தியானக் கூடத்தில் அறுபது பிள்ளைகள், அவர்களைவிட அதிகமாகப் பெற்றோர். நீல மெத்தைகளில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்பாக்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் டோ மியா யின், குளிர்க்கோட்டுக்குக் கீழே பூப்போட்ட லுங்கி, கன்னத்தில் சந்தனம் மாதிரி தனகாக் குழம்பு, இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடித்து, அந்தக் கூடத்திலேயே ஒழுங்காக உட்கார்ந்திருந்த ஒரே ஆளாக இருந்தாள். பக்கத்தில் யே நவுங், கை கட்டிக்கொண்டு. வரமாட்டோம் என்று யே நவுங் சொல்லிவிட்ட பிறகும் மோ சந்தா தானே போய் இருவரையும் அழைத்து வந்திருந்தாள்.

வெண்டல் மணியடித்தார். ஒரு நிமிட அமைதி. பிறகு, "ஏழாம் பக்கத்துல நீங்க படிச்சவங்க, இப்போ நேர்ல" என்று அவளை அழைத்தார்.

மோ சந்தா கையேட்டைத் திறந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். அவள் குரலில் என் வாக்கியங்கள் நன்றாகவே இருந்தன. நடுவில், அந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"அடுத்த வார்த்தை என்னோடது இல்ல. நான் வருத்தப்படல. அங்க கத்தி பிடிச்சிருந்தப்போதான் எனக்கு இங்க வரணும்னு தோணிச்சு. அந்த இடம் இல்லன்னா நான் இந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டேன். இந்த வார்த்தையைப் படிச்சுட்டு எங்கம்மா ரெண்டு வாரமா என்கூடப் பேசல."

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டோ மியா யின்னுக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். பார்த்தவர்களை அவளும் நேராகப் பார்த்தாள்.

"பின்னாடி மதியச் சாப்பாடு வச்சிருக்காங்க. ரெண்டு பாத்திரம். ஒண்ணுல பீன்ஸ், ஒண்ணுல மாட்டுக்கறி. எது வேணுமோ எடுத்துக்கங்க, அதுக்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். ஆனா இந்தப் பக்கம் என்ன சொல்லுதுன்னா, சாப்பிடுறவங்க சும்மா சாப்பிடலாம், வெட்டிக் குடுத்தவங்க மட்டும் வருத்தப்படணும். எனக்கு அது சரியாப் படல."

வெண்டல் மெதுவாக எழுந்தார். "மோ, நேரம் கொஞ்சம்..."

"இன்னும் ரெண்டு நிமிஷம் வெண்டல்" என்றாள் அவள், திரும்பாமலே. "எல்லார் கையிலயும் இந்தப் புத்தகம் இருக்கு. ஏழாம் பக்கம் எடுங்க. பேனா இருந்தா அந்த வார்த்தையை அடிச்சிடுங்க. எழுதினவங்களும் இந்த ரூம்லதான் இருக்காங்க. பேர் சொல்ல மாட்டேன்."

யாரிடமும் பேனா இல்லை. வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட இருநூறு பேனாக்கள் ஓர் அட்டைப்பெட்டியில் என் மடியில் இருந்தன. நான் எழுந்தேன். அதை வீரம் என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். எழுந்தேன், அவ்வளவுதான். வரிசை வரிசையாகப் போய், "எழுதினது நான்தான்" என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒரு பேனா கொடுத்தேன். சிலர் அடித்தார்கள். சிலர் பேனாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் அந்தச் சொல்லை வட்டமிட்டு வைத்தாள், ஏன் என்று தெரியவில்லை. வெண்டலுக்கும் ஒன்று நீட்டினேன். வாங்கிக்கொண்டார், மூடியைத் திறக்கவில்லை.

நெப்ராஸ்காவிலிருந்து வந்த ஒருவர், சோளவிதைக் கம்பெனித் தொப்பி, கையைத் தூக்கினார். பக்கத்திலிருந்த மகள் தரைக்குள் போய்விட விரும்பியது தெரிந்தது.

"அப்போ என் பொண்ணு எதுக்குமா இங்க வரணும்?"

மோ சந்தா கேள்வியை மதித்து யோசித்தாள்.

"பாலி சொல்லித்தர்ற சாயாமா, எங்க மொழியில டீச்சர், ரொம்ப நல்லவங்க. விடுதியில ஹீட்டர் சரியா வேலை செய்யாது, ரெண்டு போர்வை கொண்டு வரணும். உனக்கு இப்போ என்ன தோணுதுன்னு ஒரு நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க. ஒண்ணும் தோணலன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. விடாமத் துரத்துற கேள்வி ஏதாவது இருந்தா அவ வரட்டும், நல்ல இடம். நல்லவளா ஆகணும்னு மட்டும் வர வேண்டாம். அதுக்கு இவ்வளவு தூரம் வரத் தேவையில்ல. எங்கம்மா அந்த ஆலையில நின்னுக்கிட்டே அதைப் பாத்துக்கிறாங்க."

தொப்பிக்காரர் மகளைப் பார்த்தார். "கேட்டியா, போர்வை" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் யே நவுங் தங்கை சொன்னதை அம்மாவுக்கு வரிவரியாக மொழிபெயர்த்தான். டோ மியா யின் தலையாட்டாமல் கேட்டாள். பிறகு எழுந்து போய் மாட்டுக்கறிப் பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி போட்டுக்கொண்டு வந்து, ஒரு துண்டை விரலால் பிய்த்து, திருப்பிப் பார்த்தாள்.

"தோள்கறி" என்றாள். "நாரைப் பாக்காம நறுக்கியிருக்காங்க. யாரு சமைச்சது?"

மகளிடம் அவள் இரண்டு வாரத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது. மோ சந்தா அம்மாவின் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

9

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

திங்கட்கிழமை வெண்டல் என்னைக் கூப்பிட்டார். வேலை போகும் என்று மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுத்தான் போனேன். அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

"ரெண்டு நாளா அதையே நினைச்சிட்டிருக்கேன்" என்றார். "நாம தப்புப் பண்ணிட்டோம். ஆனா அந்தப் பொண்ணு எழுந்து நின்னு பேசினா பாருங்க. அதுதானே லார்க்ஸ்பர். அமைதியா வந்த பொண்ணு, இங்க வந்து தன் குரலைக் கண்டுபிடிச்சிருக்கா. ஏழாம் பக்கத்துல இதைப் போடணும். முந்நூறு வார்த்தை. வெள்ளிக்கிழமைக்குள்ள முடியுமா?"

எனக்குக் கோபம் வரவில்லை. குளிர்ந்தது. அவள் எங்களை எதிர்த்துப் பேசியதையே எடுத்து, அழகாகத் துடைத்து, எங்கள் அலமாரியில் வைக்கப் போகிறார். இந்த முறை அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்காது என்பதுதான் கொடுமை.

"அவ இங்க வந்து குரலைக் கண்டுபிடிக்கல" என்றேன். "முதல் நாளே வகுப்புல எழுந்து பேசினவ. அதுக்கு முன்னாடியே அம்மாவையும் பிக்குவையும் கேள்வி கேட்டவ."

"அது அவ்வளவு நல்லா வராதே" என்றார், நிஜமான வருத்தத்தோடு.

மோ சந்தாவிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "என்னை விடவே மாட்டாங்க போலிருக்கேக்கா." பிறகு, "போட்டே ஆகணும்னா அந்த அப்பா கேட்டதுக்கு நான் சொன்ன பதிலை மட்டும் போடுங்க. அப்படியே போடுங்க. ஹீட்டரையும் சேத்து" என்றாள்.

அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வெண்டலின் பதில் வந்தது. ஹீட்டர் வரியும், அம்மாவும் ஆலையும் வரும் கடைசி வரியும் வேண்டாம். அதற்குப் பதில் நம்பிக்கை தருவதுபோல ஏதாவது ஒரு வரியில் முடியட்டும். முடியாது என்று எழுதினேன். பதினோரு வருடத்தில் என் அலுவலக மின்னஞ்சலிலிருந்து அந்தச் சொல் போனது அதுதான் முதல் தடவை. எதைப் போடுவது என்று முடிவுசெய்யக் கையேட்டுக் குழு வியாழக்கிழமை கூடுகிறது. நான் இதை எழுதிக்கொண்டிருப்பது புதன்கிழமை.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

(அ) 'குழு ஒருமனதாக ஏற்றுக்கொள்ள, அடுத்த ஆண்டுக் கையேட்டில்'

[வெண்டலுக்கு இது மிகவும் பிடிக்கும். ஆகவே நிறுத்தினேன்.]

(ஆ) 'மோ சந்தா பையைத் தூக்கிக்கொண்டு, தன் மக்கள் நிற்கும் அந்தக் குளிர்க் கூடத்துக்கே'

[அவள் எங்கும் போகவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை பாலித் தேர்வு. ஹெட்விக்கோடு ஏதோ ஒரு வேற்றுமை உருபைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். போகட்டும் என்று ஆசைப்படுவது நான்தான். போனால் என் கதை கனமாகும்.]

(இ) 'நான் ராஜினாமாக் கடிதத்தை'

[இது என் கதை இல்லை.]

எந்த முடிவை வைத்தாலும் யாரோ ஒருவர் திருந்திவிடுகிறார். திருந்தியவுடன் அது கையேடாகிவிடுகிறது. அதனால் முடிவு எழுத மாட்டேன். குழு என்ன சொன்னது என்று வியாழக்கிழமை எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் இங்கே வந்து சேர்க்கப்போவதில்லை.

உங்களுக்கு முடிவு வேண்டும் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் பட்டம் வாங்கட்டும், வாங்காமல் போகட்டும். யே நவுங்கை மாடு வெட்ட விடுங்கள், அல்லது அவனுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுங்கள். ஏழாம் பக்கத்தில் ஹீட்டரை வையுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். என்னைக்கூட என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

அவளை மட்டும் மனம் வருந்த வைக்காதீர்கள்.